காட்டில் கண்டதும் காணாததும்

காட்டுயிர் ஒன்றைப் பார்ப்பது வேறு, அது எங்கே எவ்வளவு இருக்கிறது என்று அறிவது வேறு. முன்னதற்குப் பொறுமையும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் போதும். பின்னதற்குப் பல இடங்களில், பல பருவங்களில், ஒரே முறையில், ஆண்டுக்கணக்கில் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இந்தியக் காடுகளின் பரப்போடு ஒப்பிட்டால் அவற்றுக்குள் சென்று கணக்கெடுக்கும் ஆராய்ச்சியாளர்களும் வனப்பணியாளர்களும் மிகக் குறைவு. ஆயிரம் பேருக்குச் சம்பளம் கொடுத்து ஐந்தாறு ஆண்டுகள் பறவை பார்க்க அனுப்பும் நிறுவனம் எங்கும் கிடையாது. சம்பளம் இல்லாமலேயே விடியற்காலையில் எழுந்து போகிற ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மருத்துவர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று பலதரப்பட்ட அந்தத் தன்னார்வலர்கள் ஒரு பொது முறைக்குக் கட்டுப்பட்டுத் திரட்டும் தகவலை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவதே மக்கள் அறிவியல்.

இது கணினி வந்தபிறகு பிறந்த யோசனை அல்ல. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து, கண்ணில் பட்ட பறவைகளையும் விலங்குகளையும் சுட்டுக் குவித்து, எந்த அணி அதிகம் கொன்றது என்று பார்க்கும் வழக்கம் இருந்தது. சுடுவதற்குப் பதிலாக எண்ணிப் பாருங்கள் என்றார் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன். 1900 டிசம்பர் 25 அன்று 25 இடங்களில் 27 பேர் அப்படி எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. இந்தியாவில் தன்னார்வலர்களின் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இல் தொடங்கியது. காட்டுக்குள் இந்த முறை வேரூன்ற மேலும் காலம் பிடித்தது. ஏரிக்கரையில் தொலைநோக்கியோடு நிற்பவருக்கு எதிரே திறந்த நீர்ப்பரப்பு இருக்கிறது. காட்டிலோ பார்க்க வேண்டியவை எல்லாம் மறைந்து வாழப் பழகியவை.

தன்னார்வலர் ஒருவரின் குறிப்பு எப்போது அறிவியலுக்குப் பயன்படுகிறது? “வால்பாறையில் இருவாச்சி பார்த்தேன்” என்பது நல்ல செய்திதான். அதை வைத்து இருவாச்சிகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று சொல்ல முடியாது. அவர் எவ்வளவு நேரம் தேடினார், எவ்வளவு தூரம் நடந்தார், எத்தனை முறை போய் ஒன்றும் காணாமல் திரும்பினார் என்பவையும் தெரிந்தாக வேண்டும். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் சேர்ந்து 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் தளம் இதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டது. பார்வையாளர் தொடங்கிய நேரம், செலவிட்ட நேரம், நடந்த தூரம் ஆகியவற்றோடு தாம் அடையாளம் கண்ட பறவைகள் அனைத்தையும் எழுத வேண்டும். எதையும் வேண்டுமென்று விட்டுவிடவில்லை என்று கடைசியில் உறுதி சொல்ல வேண்டும். இது முழுப்பட்டியல். அதில் ஒரு பறவை இல்லையென்றால், தேடியும் கிடைக்கவில்லை என்று பொருள் கொள்ளலாம். ஒரு பகுதியிலிருந்து வந்த 100 முழுப்பட்டியல்களில் 40-இல் ஒரு பறவை இருக்கிறது, பத்தாண்டு கழித்து அதே பகுதியின் 100 பட்டியல்களில் 20-இல்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பறவைக்கு அங்கே ஏதோ நேர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க இடம் உண்டு. காணாததும் கண்டதற்கு இணையான தகவலாவது இப்படித்தான்.

எனவே காக்கையையும் மைனாவையும் எழுதக் கூச்சப்படுபவரின் பட்டியலால் பெரிய பயன் இல்லை. அரிய பறவையைப் படமெடுத்து நண்பர்களிடம் காட்டுவதில் உள்ள பெருமை தவிட்டுக்குருவிகளை எண்ணி எழுதுவதில் இல்லை என்பது உண்மை. ஆனால் ஆராய்ச்சியாளர் கேட்பது தவிட்டுக்குருவியின் எண்ணிக்கையையும் சேர்த்துத்தான். காட்டில் இன்னொரு தேர்ச்சியும் வேண்டும். மழைக்காட்டின் உச்சிக் கிளைகளில் திரியும் குக்குறுவானும் பச்சைப்புறாவும் பெரும்பாலும் குரலாக மட்டுமே கிடைக்கும். குரலால் அடையாளம் கண்டதையும் பட்டியலில் சேர்க்கலாம் என்பதால், காட்டுப் பதிவாளர்களில் தேர்ந்தவர்கள் கழுத்தில் தொலைநோக்கி தொங்கினாலும் காதைத்தான் முதலில் நம்புகிறார்கள்.

திட்டமிட்டுச் செய்தால் இந்த உழைப்பிலிருந்து என்ன பெறலாம் என்பதற்குக் கேரளத்தின் பறவை வரைபடத் தொகுப்பு நல்ல சான்று. 2015 முதல் 2020 வரை நடந்த அந்தப் பணியில் மாநிலத்தின் வரைபடம் 6.6 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டமும் நான்கு கால்பகுதிகளாகவும், ஒவ்வொரு கால்பகுதியும் 1.1 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒன்பது சிறு கட்டங்களாகவும் பிரிந்தன. ஒன்பதில் ஒன்று குலுக்கல் முறையில் தேர்வானது. இப்படி மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 4,000 சிறு கட்டங்கள் கிடைத்தன. சிறு குழுக்களாகச் சென்ற தன்னார்வலர்கள் கட்டத்துக்கு நான்கு என்ற கணக்கில் 15 நிமிடப் பட்டியல்களைத் தயாரித்தார்கள். மழைக்காலத்தில் ஒருமுறை, வறண்ட காலத்தில் ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு சுற்றுகள், ஒவ்வொரு சுற்றுக்கும் 60 நாள்கள்.

இதில் குலுக்கல்தான் உயிரான பகுதி. பறவை பார்ப்பவர்களை அவர்கள் விருப்பத்துக்கு விட்டால் தட்டேக்காட்டுக்கும் மூணாறுக்கும்தான் போவார்கள். பறவைகள் நிறைய இருக்கும் என்று தெரிந்த இடத்துக்குப் போவது மனித இயல்பு. குலுக்கலுக்கு அந்த இயல்பு கிடையாது. அது ஒரு குழுவை ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பும், இன்னொன்றைப் பேருந்து நிலையத்தின் பின்புறத்துக்கு அனுப்பும், மூன்றாவதை யானைத்தடம் தவிர வேறு பாதையில்லாத சரிவுக்கு அனுப்பும். காட்டுக்குள் விழுந்த கட்டங்களுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும், வழி தெரிந்த வேட்டைத் தடுப்புக் காவலர் உடன்வர வேண்டும், நாள் முழுவதும் நடந்தாலும் பட்டியலுக்கு உரிய நேரம் ஒரு மணிதான். பறவை குறைவாக உள்ள இடத்திலிருந்தும் பதிவு வந்ததால்தான் அந்த வரைபடத்துக்கு மதிப்பு.

ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்று ஏறத்தாழ 25,000 பட்டியல்களைத் திரட்டினார்கள். 361 வகைப் பறவைகளைப் பற்றி சுமார் 3 லட்சம் பதிவுகள் சேர்ந்தன. அந்த 361-இல் 94 வகைகள் மிக அரியவை என்று தெரிந்தது. வலசைப் பறவைகள் வந்து தங்கியிருக்கும் வறண்ட காலத்தில் பறவை வகைகள் கூடுதலாக இருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகள் எதிர்பார்த்தபடி மலைக்காடுகளில் குவிந்திருந்தன. ஆனால் உலக அளவில் அழியும் நிலையில் உள்ளவை என்று வகைப்படுத்தப்பட்ட பறவைகள் அதிகம் தென்பட்டது கடற்கரையை ஒட்டி. பாதுகாப்புப் பற்றிய பேச்சும் பணமும் பெரும்பாலும் மலையேறிவிடும் ஒரு மாநிலத்தில் இது கவனிக்க வேண்டிய முடிவு. மலைக்காட்டுக் கட்டங்களை மட்டும் பார்த்திருந்தால் இது வெளியே வந்திருக்காது.

யானைக் கணக்கெடுப்பில் தன்னார்வலரின் இடம் வேறு. இது முழுக்க வனத்துறையின் பணி. வெளியாட்கள் பணியாளர்களோடு துணையாக நடக்கிறார்கள். தென்மாநிலங்கள் ஒரே நாள்களில் சேர்ந்து நடத்தும் இந்தக் கணக்கெடுப்பில் மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதல் நாள், காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் நடந்து நேரில் கண்ட யானைகளை எண்ணுகிறார்கள். இரண்டாம் நாள் நேர்கோட்டில் நடந்து யானைச் சாணக் குவியல்களைப் பதிவு செய்கிறார்கள். மூன்றாம் நாள் நீர்நிலையருகே காலை முதல் மாலை வரை உட்கார்ந்து, வரும் யானைகளின் வயதையும் பாலினத்தையும் குறிக்கிறார்கள்.

சாணத்தை எண்ணுவது வேடிக்கையாகத் தோன்றலாம். மறைந்து நிற்கும் யானை கண்ணுக்குத் தப்பலாம், சாணம் எழுந்து ஓடாது. நடக்கும் கோட்டிலிருந்து ஒவ்வொரு குவியலும் எவ்வளவு தள்ளிக் கிடக்கிறது என்பதையும் அளக்கிறார்கள். தூரம் கூடக் கூடக் கண்ணில் படாமல் போகும் குவியல்களும் கூடும் என்பதால், விட்டுப்போனவை எவ்வளவு இருக்கும் என்பதை இந்த அளவிலிருந்தே கணக்கிடலாம். யானை ஒரு நாளில் ஏறத்தாழ 16 முறை சாணமிடும். அந்தக் காட்டில் ஒரு குவியல் மக்கி மறைய எத்தனை நாளாகும் என்பதும் தெரிந்தால், குவியல்களின் அடர்த்தியிலிருந்து யானைகளின் அடர்த்தியைப் பெறலாம். தமிழ்நாட்டில் 2023-இல் 2,961 யானைகள் என்றும், 2024-இல் 3,063 என்றும் மதிப்பிடப்பட்டது. இவை மதிப்பீடுகள், ஒரே ஆண்டில் நூறு யானைகள் கூடிவிட்டன என்று தலைப்புப் போடுவது அவசரம். மாநில எல்லை யானைக்குத் தெரியாது, சாணம் மக்கும் வேகம் மழையைப் பொறுத்தது.

மனிதர் நடமாட்டத்தைக் கண்டு ஒதுங்கும் பாலூட்டிகளுக்குத் தானியங்கி கேமராவே வழி. மரத்தில் கட்டிவைத்த பெட்டிக்கு முன்னால் வெப்பமுள்ள ஏதேனும் அசைந்தால் அது படமெடுத்துக்கொள்கிறது. சிக்கல் படம் எடுத்தபிறகுதான் தொடங்குகிறது. தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் தொடங்கி 1,125 சதுர கிலோமீட்டர் பரப்பில் 225 கேமராக்களை வைத்தார்கள். சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி ஆகியவை ஒரே நிலத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது அவர்கள் கேள்வி. பதிலுக்குப் பதிலாக முதலில் கிடைத்தது படங்களின் வெள்ளம். ஒரு சிலர் உட்கார்ந்து பார்த்து முடிக்கக்கூடிய அளவு அல்ல அது. 2012 இறுதியில் அந்தப் படங்களை இணையத்தில் வைத்து, விருப்பமுள்ள எவரும் பார்த்து விலங்கின் பெயரைச் சொல்லலாம் என்று அழைத்தார்கள்.

வந்தவர்களில் பலர் ஆப்பிரிக்காவில் கால் வைக்காதவர்கள். 28,000-க்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்துகொண்டார்கள், பதியாமலே பங்கேற்றவர்கள் அதைவிட அதிகம். 12 லட்சம் படத்தொகுதிகளுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதில்கள் குவிந்தன. விலங்கு இருந்த தொகுதிகள் 3,22,653. ஏறக்குறைய முக்கால்வாசி வெறும் படங்கள். காற்றில் ஆடிய சூடான புல்லே பல படங்களுக்குக் காரணம். ஒவ்வொரு தொகுதியையும் ஒருவரிடம் மட்டும் காட்டுவதில்லை. முதலில் பார்த்த ஐந்து பேரும் ஒன்றும் இல்லை என்றால் அது ஒதுக்கப்படும். பத்துப் பேர் ஒரே விலங்கின் பெயரைச் சொன்னால் ஏற்கப்படும். கருத்து பிளவுபட்டால் 25 பேர் வரை பார்ப்பார்கள், அதிக வாக்குப் பெற்ற பெயர் நிற்கும். நிபுணர்கள் தனியே ஆய்ந்து வைத்திருந்த 4,149 தொகுதிகளோடு ஒப்பிட்டபோது விலங்கின் பெயர் 96.6 சதவீதம் பொருந்தியது. எத்தனை விலங்குகள் என்ற எண்ணிக்கையில் இந்தப் பொருத்தம் சுமார் 90 சதவீதமாகக் குறைந்தது. ஒட்டகச்சிவிங்கியைத் தவறவிடுபவர் யாருமில்லை. அடிக்கடி தோன்றாத விலங்குகளில்தான் தடுமாற்றம். அரிய விலங்கைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆசையும் அதில் சேர்ந்துகொள்கிறது.

இந்த விடைகளே பின்னர் கணினிக்குப் பாடமாயின. செரெங்கெட்டியின் 32 லட்சம் படங்களைக் கொண்டு பயிற்சி பெற்ற ஒரு செயற்கை நுண்ணறிவு அமைப்பு, 99.3 சதவீதப் படங்களைத் தன்னார்வலர்கள் எட்டிய அதே துல்லியத்தோடு வகைப்படுத்த முடியும் என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியானால் மனிதர்கள் வேண்டாமா? கணினி நன்றாகக் கற்றவை நிறையப் படங்கள் கிடைத்த விலங்குகள். வேறொரு கண்டத்துக் காட்டுக்குள், சருகுமானும் மரநாயும் புனுகுப்பூனையும் உலவும் இடத்துக்கு அதைக் கொண்டுவந்தால், அங்கும் முதலில் யாராவது உட்கார்ந்து ஆயிரக்கணக்கான படங்களுக்குப் பெயர் எழுதித்தான் ஆக வேண்டும்.

முறையான கணக்கெடுப்பில் சேராத தனிப் பதிவுகளும் பயனற்றவை அல்ல. கலிபோர்னியாவில் 2008-இல் மாணவர்களின் முதுகலைத் திட்டமாகப் பிறந்த ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பூச்சி, தவளை, பாம்பு, காளான் என எதன் படத்தையும் இட்டுப் பெயர் கேட்கலாம். மற்றவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். கருத்து ஒன்றுபட்டால் அது ஆய்வுக்குத் தகுந்த பதிவாகக் கொள்ளப்படும். இந்தியாவில் இருவாச்சிகளுக்கென்றே 2014-இல் ஒரு பதிவுத் தளம் தொடங்கப்பட்டது. நாட்டிலுள்ள 9 வகை இருவாச்சிகளையும் பற்றிய குறிப்புகள் அதில் சேர்ந்தன. சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் வெளியே, காப்பித் தோட்டங்களிலும் ஊர்ப்புறத்து ஆலமரங்களிலும் இருவாச்சிகளைக் கண்டவர்கள் அதில் உண்டு. இத்தகைய பதிவுகள் ஓர் உயிரினம் எங்கெங்கே இருக்கிறது என்பதைக் காட்டும். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் அவற்றிடம் பதில் இல்லை.

தவறுகளைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிடச் சல்லடை இறுக்கமானது. ஈபேர்டில் ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும் எந்தப் பறவை எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்பு வைக்கப்பட்டிருக்கிறது. அதை மீறும் பதிவு உடனே தனியே நிற்கும். அந்தப் பகுதியை நன்கு அறிந்த மற்றொரு தன்னார்வலர் படமோ ஒலிப்பதிவோ விவரிப்போ கேட்பார். தக்க விளக்கம் இல்லாத பதிவு எழுதியவரின் சொந்தக் கணக்கில் இருக்கும், பொது ஆய்வுத் தரவில் சேராது. அடையாளப் பிழைகளைவிடப் பெரிய தொல்லை, பார்வையாளர்கள் போகும் இடமும் நேரமும். பதிவுகள் சாலையோரங்களில் குவிகின்றன, விடுமுறை நாள்களில் பெருகுகின்றன, இரவில் வற்றிவிடுகின்றன. ஆந்தைகளும் தேவாங்குகளும் தவளைகளும் பகல் பட்டியல்களில் இடம் பெறுவது அபூர்வம். ஒரே இடத்திலிருந்து ஆயிரம் பட்டியல்கள் வந்து ஒரு மாவட்டத்தின் போக்கையே தீர்மானித்துவிடாதபடி, ஆய்வாளர்கள் நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துச் சமன்செய்கிறார்கள். எவரும் போகாத காட்டுக்கு எந்தக் கணக்கும் உதவாது.

இத்தனை குறைகளையும் கழித்தபின் மிஞ்சுவது சிறிதல்ல. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் ஈபேர்டில் இட்ட 3 கோடி பதிவுகளைக் கொண்டு 942 வகைகளை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கும் அளவுக்குத் தரவு இருந்தவை 338 வகைகள். அவற்றில் 60 சதவீதம் குறைந்திருந்தன. குறிப்பிட்ட வகை வாழிடத்தை மட்டும் நம்பி வாழும் பறவைகள், காட்டை மட்டுமே நம்பியவை உட்பட, எங்கும் வாழப் பழகியவற்றைவிட அதிகம் சரிந்திருந்தன. மயிலும் குயிலும் பெருகியிருந்தன. மின்கம்பிகளில் உட்கார்ந்து எல்லோர் கண்ணிலும் படுகிற பனங்காடை கணிசமாகக் குறைந்திருந்தது. அதன் நிலையை உலக அளவில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. எளிதில் தென்படும் பறவை குறைந்துவருவது எளிதில் கவனத்துக்கு வராது. பல்லாயிரம் பேர் அலட்சியமாக எழுதிவைத்த சாதாரணப் பட்டியல்களிலிருந்துதான் அந்தச் சரிவு வெளிப்பட்டது.

பதிவு செய்வதில் ஆபத்தும் உண்டு. தேவாங்கு எந்தப் புதரில் இருக்கிறது, எந்த மரப்பொந்தில் இருவாச்சி கூடு வைத்திருக்கிறது என்று துல்லியமாக இணையத்தில் எழுதினால் அதைக் கள்ள வேட்டைக்காரரும் படிப்பார், கூட்டமாக வரும் படப்பிடிப்பாளர்களும் படிப்பார்கள். இதனால் ஐநேச்சுரலிஸ்ட், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் இடத்தை மறைத்து, 20 கிலோமீட்டருக்கும் மேல் அகலமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டுகிறது. ஈபேர்டும் இத்தகைய ஆபத்துள்ள சில பறவைகளின் சரியான இடத்தைப் பொதுப் பார்வைக்குத் தருவதில்லை. பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அதை வெளியே இழுப்பது, கூட்டை நெருங்குவது, இரவில் விளக்கடித்துத் தேடுவது ஆகியவற்றைப் பொறுப்புள்ள குழுக்கள் ஏற்பதில்லை. சரணாலயங்களுக்குள் நுழைய 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அறிவியலுக்காக என்று சொல்வதால் அந்த விதி தளராது.

காட்டுக்குப் போகாமலும் இதில் சேரலாம். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் எங்கிருந்து பார்த்தாலும் பட்டியல் ஏற்கப்படும். வீட்டுத் தோட்டத்திலும் ஏரிக்கரையிலும் பழகிய கண்ணும் காதும்தான் பின்னர் சோலைக்குள் போகின்றன.

இன்னொரு பக்கம், காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களை இந்த ஏற்பாட்டில் எங்கே வைப்பது என்பது இன்னும் சரியாகத் தீராத விஷயம். நகரத்திலிருந்து வரும் தன்னார்வலருக்குத் தடத்தையும் எச்சத்தையும் காட்டிக்கொடுப்பவர் பெரும்பாலும் இருளரோ, குறும்பரோ, காடரோதான். பட்டியலில் பெயர் பதிவது வந்தவருடையது. ஓய்வு நேரத்தை அறிவியலுக்குக் கொடுப்பது நிலையான வருமானம் உள்ளவருக்கு இயலும், அன்றாடக் கூலிக்காரருக்கு இயலாது. ஆகையால் காட்டில் வாழும் இந்த மக்களை ஊதியம் பெறும் பதிவாளர்களாகவே சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள்தான் நியாயமாகப் படுகின்றன. கேரளத்தின் வாழச்சால் காடுகளில் காடர்கள் இருவாச்சிக் கூடுகளைக் கண்காணிக்கிறார்கள். அருணாசலப் பிரதேசத்தின் பக்கே காட்டையொட்டிய ஊர்களில் நிஷி மக்கள் செய்வதும் இதுவே. நகரத்து மக்கள் ஒரு கூட்டைத் தத்தெடுத்துக் கொடுக்கும் பணம் நிஷி மக்களுக்கு ஊதியமாகிறது. எந்த மரத்தில் எந்த நாளில் பெண் பறவை பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டது, ஆண் என்ன பழம் கொண்டுவந்தது, குஞ்சு எப்போது வெளியேறியது என்று அவர்கள் பருவம்தோறும் பதிவு செய்கிறார்கள்.